பவானிசாகர்: நீர்மட்டத்தோடு கசிவுநீரின் கணக்கும் வேண்டும்

ஈரோடு மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், காலையில் நாளிதழைப் பிரிக்கும் விவசாயி முதலில் தேடுவது பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று நான்கு எண்கள் நாள்தோறும் அச்சாகின்றன. நெல்லுக்கு நாற்று விடலாமா, கடலையோடு நிறுத்திக்கொள்ளலாமா, மகள் திருமணத்தை அறுவடைக்குப் பின் வைத்துக்கொள்ளலாமா என்பது வரை அந்த நான்கு எண்களை வைத்தே பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஓர் எண் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அணைக்கரையின் வழியாக அன்றைக்குக் கசிந்து வெளியேறிய நீரின் அளவே அது. ஏன் அதைக் கேட்கிறேன் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

பவானிசாகரைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் பூங்காவையும், ஆற்றுக்கு மேலே நிற்கும் கல் கட்டுமானத்தையும், அதிலுள்ள மதகுகளையும் பார்த்துவிட்டு அதுதான் அணை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல் கட்டுமானம் அணையின் நடுவே உள்ள சிறு பகுதி மட்டுமே. அதன் இரு பக்கமும் புல் முளைத்து, குன்றுத்தொடர்போலத் தோன்றுகிற அந்த நீண்ட கரைதான் உண்மையில் அணை. மொத்த நீளம் ஏறத்தாழ எட்டே முக்கால் கிலோமீட்டர். நாட்டின் மிக நீளமான மண் அணைகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. விடுதலைக்குப் பின் நாட்டில் தொடங்கப்பட்ட முதல் பெரிய பாசனத் திட்டங்களுள் ஒன்றான இதன் கட்டுமானம் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. இந்த அணை வேண்டும் என்று சட்டமன்றத்திலும் வெளியிலும் ஓயாமல் குரல் கொடுத்த எம்.ஏ. ஈஸ்வரனின் பெயரைக் கீழ்பவானி விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு மீண்டும் தமிழகத்துக்குள் வரும் பவானியும், முதுமலைக் காட்டைக் கடந்து தெங்குமரஹாடா வழியாக ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கிவரும் மாயாறும் இந்த நீர்த்தேக்கத்தில்தான் கலக்கின்றன. அணையின் உயரம் 120 அடி என்றும், சேற்றுக்கென்று 15 அடியைக் கழித்து நீர்மட்டம் 105 அடி என்றும் கணக்கிடுவது வழக்கம். முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. லிட்டரில் சொன்னால் தொண்ணூறாயிரம் கோடிக்கும் மேல். இவ்வளவு நீரையும் பெரும்பாலும் மண்தான் தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பதை அதன் நிழலில் வாழும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்த நீரின் பயன்களை எழுதப் புகுந்தால் தனி நூலே தேவைப்படும். கீழ்பவானி பிரதான வாய்க்கால் அணையிலிருந்து புறப்பட்டு, சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, காங்கயம் பகுதிகளைத் தொட்டுக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டம் வரை போய்ச் சேருகிறது. அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒரே நேரத்தில் அத்தனை நிலத்துக்கும் நெல்லுக்குப் பாய்ச்சும் அளவுக்கு நீர் கிடையாது என்பதால், மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் ஒரு தொகுதிக்கு நன்செய்க்கு நீர் திறந்தால், அடுத்த தொகுதிக்கு ஜனவரியில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்குத் திறப்பார்கள். மறு ஆண்டு முறை மாறும். வாய்க்காலில் முழு அளவான விநாடிக்கு 2,300 கன அடி போனால், ஐந்து நாளுக்கு ஒரு டி.எம்.சி. அணையிலிருந்து இறங்கிவிடும். எங்கள் வீட்டு நிலம் இரட்டைப்படை மதகில் இருக்கிறது. சிறு வயதில் நாங்கள் பெருக்கல் கணக்கு பழகியதே இந்த எண்களை வைத்துத்தான்.

அணை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பவானி ஆற்றை நம்பிப் பாசனம் செய்த பழைய வாய்க்கால்களுக்கும் இந்த அணையே இப்போது ஆதாரம். கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாகக் கொங்கு மக்கள் போற்றும் காலிங்கராயன் வாய்க்காலும் இங்கிருந்து ஆற்றில் விடப்படும் நீரைக் கொண்டே நிறைகின்றன. ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றின் குடிநீர்த் திட்டங்களும், அணையடியில் உள்ள மின் நிலையங்களும், நீர்த்தேக்கத்து மீன்பிடிப்பும் இதைச் சார்ந்தவை. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை இறைத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்கிறது. கோடையில் நீர் வற்றும்போது, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்து யானைகள் கூட்டம் கூட்டமாக நீர்த்தேக்கத்தின் விளிம்புக்கு வருவதையும், மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன்கோட்டையின் பழைய கோயில் சேற்றிலிருந்து வெளிப்படுவதையும் பார்த்தவர்களுக்கு, இந்த நீருக்காக எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பதும் புரியும். அங்கே ஊர் இருந்தது, வயல் இருந்தது, அவற்றை விட்டு எழுந்து போன மக்கள் இருந்தார்கள்.

இனி மண்ணுக்கு வருகிறேன். கல் அணை தன் எடையால் நீரின் தள்ளுவிசையை எதிர்த்து நிற்கிறது. மண் அணையும் எடையால்தான் நிற்கிறது என்றாலும், அது நீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. நீர் பக்கத்துச் சரிவில் நுழையும் நீர், கரையின் உடம்புக்குள் மண் துகள்களுக்கு இடையே வழி கண்டுபிடித்து, சாய்வாக இறங்கி, வெளிச் சரிவின் அடியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அது மிக மெதுவாக நகர வேண்டும், கரையின் அடிக்குள்ளேயே இறங்கிவிட வேண்டும், போகும்போது ஒரு மண் துகளைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. மண் அணைக் கட்டுமானத்தின் அறிவு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதற்காகத்தான் கெட்டித்த களிமண்ணை நடுவில் வைக்கிறார்கள். வெளிப்புறத்தில் மணலும் சரளையும் படிப்படியாகப் பருமன் கூடும்படி வடிகட்டி அடுக்குகளை இடுகிறார்கள். அடிவாரத்தில் கசிவுநீரைச் சேகரித்து வெளியேற்ற வடிகால் அமைக்கிறார்கள். நீர் பக்கம் அலை அடித்து மண் கரையாமல் இருக்க அலைக்கற்களைப் பதிக்கிறார்கள்.

ஆகவே மண் அணையில் கசிவு இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது தன்னளவில் அச்சத்துக்குரிய செய்தி அன்று. கசிவே இல்லாத மண் அணை உலகில் இல்லை. எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது, எப்படிப்பட்ட நீராகக் கசிகிறது என்பவையே கேள்விகள். சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் "அணையில் ஓட்டை" என்று ஒரு காணொளி சுற்றிவரும்போது ஊரே பதறுவதும், "அணை பாதுகாப்பாக உள்ளது" என்ற ஒற்றை வரி விளக்கத்தோடு எல்லோரும் அடங்கிவிடுவதும் எனக்கு வருத்தம் தருகின்றன. அந்தப் பதற்றமும் அந்த அமைதியும் இரண்டுமே எண்கள் இல்லாத இடத்தில் பிறப்பவை.

இதைப் பற்றி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் வாய்க்கால் கரையையும் மதகுகளையும் கவனித்துக்கொள்ளும் லஸ்கராக வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். கரையில் ஓரிடத்தில் ஈரம் பூத்திருப்பதைக் காட்டி நான் கவலைப்பட்டபோது அவர் சொன்னார்: "தண்ணி வருதேன்னு பயப்படாதீங்க தம்பி. தெளிவா வருதா, கலங்கி வருதான்னு பாருங்க. இத்தன நாளாத் தெளிவா வந்தது ஒரு நாள் கலங்குச்சுன்னா, அன்னைக்கு ராத்திரி கரைய விட்டு நகரக் கூடாதுங்க." பொறியியல் நூல்களைப் பின்னாளில் படித்தபோது, அவர் சொன்னதையே அவையும் பல பக்கங்களில் விளக்குவதைக் கண்டேன். கலங்கல் என்றால் கரையின் மண் நீரோடு வெளியேறுகிறது என்று பொருள். வெளிச் சரிவில் தொடங்கும் அந்த அரிப்பு, குழாய்போல உள்நோக்கி வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் நீர்த்தேக்கத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு மணிக்கணக்கில்தான் அவகாசம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1976 ஜூன் 5 அன்று, 93 மீட்டர் உயரமுள்ள டீட்டன் மண் அணை, முதல் முறை நிரம்பிக்கொண்டிருந்த நிலையில், காலையில் கலங்கல் கசிவு தென்பட்டு நண்பகல் நெருங்கும்போது உடைந்து போனது.

கசிவை அளக்கும் முறை மிக எளிமையானது. அடிவார வடிகாலின் நீரை ஒரு சிறு தொட்டிக்குள் விட்டு, அதன் முகப்பில் செங்கோண முக்கோணமாக வெட்டிய ஓர் உலோகத் தகட்டைப் பொருத்துகிறார்கள். நீர் அந்த வெட்டின் வழியாக வழிந்து விழும். வெட்டின் முனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைச் சற்றுப் பின்னால் நட்டிருக்கும் அளவுகோலில் படித்தால் போதும். 10 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர் பாய்கிறது என்று கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது, நீரின் உயரம் இரட்டித்தால் பாய்ச்சல் இரட்டிப்பதில்லை. ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். 5 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஏறியதைப் "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று ஒருவர் குறித்துக்கொண்டால் அவர் பெரிய மாற்றத்தைத் தவறவிடுகிறார். அதோடு, ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து அசையாமல் வைத்து, மறுநாள் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்தால், லஸ்கர் சொன்ன சோதனையும் முடிந்துவிடும்.

ஆனால் இந்த எண் தனியாக நின்றால் பயனில்லை. அன்றைய நீர்மட்டத்தின் பக்கத்தில் நின்றால்தான் பேசும். நீர்மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவதும் இறங்கும்போது இறங்குவதும் இயல்பு. சென்ற ஆண்டு 95 அடியில் இருந்த கசிவும் இந்த ஆண்டு 95 அடியில் உள்ள கசிவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கரை நலமாக இருக்கிறது. அதே மட்டத்தில் கூடியிருந்தால் உள்ளே எங்கோ வழி அகலமாகிறது. திடீரென்று குறைந்திருந்தாலும் மகிழ்ந்துவிட முடியாது. வடிகால் அடைபட்டு, நீர் கரைக்குள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கலாம். மழை பெய்த நாள்களில் மழைநீரும் தொட்டிக்குள் வந்துவிடும் என்பதால் அதையும் குறிக்க வேண்டும். இத்தனையையும் அணையில் பணிபுரிவோர் அறிவார்கள், அளந்து பதிந்தும் வைக்கிறார்கள். அது ஊருக்குத் தெரியும்படி வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கசிவு மெதுவாகக் கொல்லும் நோய் என்றால், கரை மீறுவது ஒரே நாளில் முடித்துவிடும். கல் அணையின் மேல் சிறிது நேரம் வெள்ளம் வழிந்தோடினாலும் அது தாங்கக்கூடும். மண் கரையின் மேல் நீர் ஏறிவிட்டால் தாங்காது. வெளிச் சரிவை நீர் அரித்துக்கொண்டே மேலேறி, சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும். ஆகவே மண் அணையின் உயிர் அதன் உபரிநீர் மதகுகளில் இருக்கிறது. குஜராத்தின் மோர்பிக்கு அருகில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு இரண்டாம் அணையின் மண் கரைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்குக் காரணம், மதகுகள் வெளியேற்றக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வெள்ளம் வந்ததுதான். நம் மாநிலத்தில் குடகனாற்று அணை 1977-இல் வெள்ளம் கரை மீறி உடைந்தது. ஆந்திரத்தின் அன்னமய்யா அணை 2021 நவம்பர் 19 அன்று உடைந்தபோது, மேலே இருந்த பிஞ்சா அணையின் கரை முதலில் போய், அந்த வெள்ளமும் சேர்ந்து வந்தது; அன்னமய்யாவின் மதகுகளில் ஒன்று இயங்காத நிலையில் இருந்தது.

மேலே ஓர் அணை இருப்பது நமக்கும் பொருந்தும். பவானி ஆற்றில் பில்லூர் அணை சிறியது. மழைக்காலத்தில் 100 அடி முழு மட்டத்தை விரைவில் எட்டி, வரும் வெள்ளத்தை அப்படியே கீழே விட்டுவிடும். அந்த நீர் மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகச் சில மணி நேரத்தில் பவானிசாகருக்குள் வந்துவிடுகிறது. மாயாற்றிலும் அதே நேரத்தில் வெள்ளம் இறங்கினால் நீர்வரத்து ஒரே இரவில் பல மடங்காகும். அதைத் தாங்குவதற்கு அணையில் முன்கூட்டியே இடம் வைத்திருக்க வேண்டும். அக்டோபர் முடியும் வரை நீர்மட்டத்தை 102 அடிக்கு மேல் விடாமல், நவம்பரிலிருந்துதான் 105 அடி வரை தேக்குவது என்ற விதி இதற்காகவே இருக்கிறது. "மூன்றடி நீரை வீணாக ஆற்றில் விடுகிறார்களே" என்று ஒவ்வோர் ஆண்டும் நம் ஆட்களே குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறேன். எனக்கும் நிலம் இருக்கிறது, எனக்கும் நீர் வேண்டும். ஆனாலும் அந்த மூன்றடி வெற்றிடம் அணைக்கும் நமக்கும் இடையே உள்ள காப்பு என்றே நான் கருதுகிறேன். ஆற்றில் விடப்பட்ட நீர் வீணும் அன்று. கொடிவேரியையும் காவிரியையும் கடந்து போகும் வழியெல்லாம் அது ஊற்றுக்கண்களை நிரப்புகிறது.

வேறு சில ஆபத்துகள் கண்ணுக்குச் சிறியவை. கரையில் சீமைக் கருவேலம் போன்ற மரங்களை வளர விட்டால், அவை பட்டுப்போன பின் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகிவிடும். கரையான் புற்றும், எலி வளையும், முள்ளம்பன்றி தோண்டும் பொந்தும் அப்படியே. மண்ணும் கல் கட்டுமானமும் சந்திக்கும் இடத்திலும், கரைக்குள் செல்லும் மதகுக் குழாயை ஒட்டியும் மண் சரியாகக் கெட்டிப்படுவது கடினம் என்பதால், அங்கே கூடுதல் கண் வேண்டும். நீர்மட்டத்தை மிக வேகமாக இறக்கினாலும், கரைக்குள் ஊறிய நீர் வெளியேற நேரமின்றி உள்பக்கச் சரிவு சரியக்கூடும். கரையின் மேலும் சரிவிலும் பொதுமக்களை விடாமல் கட்டுப்படுத்துவது இவற்றையெல்லாம் நினைத்துத்தான் என்பதால், ஆடிப்பெருக்கு நாளில்கூட மேலே விடவில்லையே என்று மனம் கசக்க வேண்டியதில்லை.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பணிகளுக்கு இன்று சட்ட வலிமை தந்திருக்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும், வெள்ளத்தின்போதும், நிலநடுக்கத்துக்குப் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும். அளவுக் கருவிகளைப் பொருத்திப் பதிவுகளைக் காக்க வேண்டும். அவசரகாலச் செயல்திட்டம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தச் செயல்திட்டம் அலுவலகத்து அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, எச்சரிக்கை எந்த வழியில் வரும், எவ்வளவு நேரம் கிடைக்கும், மாடு கன்றுகளோடு எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது உபரி நீர் திறக்கும்போது தண்டோரா போட்டும் ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் அது மதகு திறப்புக்கான எச்சரிக்கை. கரைக்கு ஆபத்து என்ற நிலைக்கு வேறு ஒலியும் வேறு ஒத்திகையும் தேவை.

கசிவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, வாய்க்காலில் கான்கிரீட் போடும் விவகாரத்தைத் தொடாமல் போக முடியாது. கீழ்பவானி வாய்க்காலும் பெரும்பாலும் மண்ணால் ஆனதே. அதன் கசிவு, ஆயக்கட்டுக்கு வெளியே உள்ள ஆயிரக்கணக்கான கிணறுகளையும் குட்டைகளையும் நிரப்புகிறது. கடைமடைக்கு நீர் போய்ச் சேர வேண்டும் என்று கான்கிரீட்டை ஆதரிப்பவர்களின் நியாயமும், கிணறு வற்றிவிடும் என்று எதிர்ப்பவர்களின் அச்சமும் இரண்டும் எனக்குப் புரிகின்றன. கரை மேடாக எழுப்பப்பட்டு, உடைந்தால் பக்கத்து வயலும் வீடும் மூழ்கும் இடங்களில் வலுப்படுத்துவதும், தரையை வெட்டிப் போகும் இடங்களில் மண்ணை மண்ணாகவே விடுவதும் சரியென்று நினைக்கிறேன். எங்கே எவ்வளவு கசிகிறது என்ற அளவு கையில் இருந்திருந்தால், இந்த விவகாரம் இவ்வளவு கசப்பாக வளர்ந்திருக்காது.

நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அணையில் 105 அடி வரை நீர் தேக்கத் தொடங்குவதும் அதே நாளிலிருந்துதான். அணைக்குக் கீழே உள்ள ஊராட்சிகளைச் சேர்ந்தவர்கள் இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாள்தோறும் வெளியாகும் நீர்மட்டப் பட்டியலில் கசிவுநீரின் அளவையும், அது தெளிவா கலங்கலா என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். அவசரகாலச் செயல்திட்டத்தில் தங்கள் ஊருக்குரிய பக்கத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.